உஷார்! நெயில் கன் வாங்கும் முன் விசையைப் பாருங்கள்!

கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. கடையில் பணத்தைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெங்காயப் பட்டறைக்குச் சட்டம் அடிக்க, ஓட்டுக் கூரைக்கு ரீப்பர் அடிக்க, சென்ட்ரிங் பலகை சேர்க்க, காற்றில் ஓடும் நெயில் கன் ஒன்று வாங்கலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறதா? நல்ல எண்ணம்தான். தோள்பட்டை வலி குறையும். வேலை சீக்கிரம் முடியும்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். சுத்தியல் தவறினால் நகம் கறுக்கும். நெயில் கன் தவறினால் எலும்புக்குள் ஆணி நிற்கும்.

கடைக்காரர் விலையைச் சொல்வார். கம்பெனி பெயரைச் சொல்வார். எத்தனை வேகமாக அடிக்கும் என்று அடித்தும் காட்டுவார். விரலால் இழுக்கும் விசை எந்த வகை என்று அவராகச் சொல்வது அபூர்வம். நாமும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே பல பேருக்குத் தெரியாது.

கையையும் கண்ணையும் காப்பாற்றப் போவது அந்த ஒரு கேள்விதான்!

தலைக்குள் ஆணி. அவருக்கே தெரியவில்லை!

2012 ஜனவரி மாதம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் மரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பிடித்து அடித்த நெயில் கன் உதைத்துத் திரும்பியது. அதன் முனை அவர் தலையில் பட்டது. முனைக்கு மரம் எது, மண்டை எது என்று தெரியாது. எதிரே ஏதோ அழுத்துகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சுட்டுவிட்டது.

ஆணி காதோரம் பறந்து போய்விட்டது என்றே அவர் நினைத்தார். வெளியே தெரிந்தது சின்னக் காயம். வீட்டில் துடைத்து மருந்து போட்டார்கள். அதன்பிறகு அவர் பனியைக்கூட வாரித் தள்ளினார். மறுநாள் தூங்கி எழுந்தபோது குமட்டல். வீட்டிலிருந்தவர் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எக்ஸ்-ரே எடுத்தார்கள். மூளைக்கு நடுவில் மூன்றேகால் அங்குல ஆணி!

மூளைக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால்தான் தெரியவில்லை. கை கால் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஆணி நின்றிருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார்.

பெரிய மருத்துவமனை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆணி நின்ற இடமும் அதிர்ஷ்டவசமாக அமைந்தது. எல்லாருக்கும் இப்படி அமையாது.

அவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கவனித்தீர்களா? கொட்டகை. நாம் செய்கிற அதே வேலை.

செட்டிகுளத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயத்தில் செட்டிகுளத்துக்குத் தனிப் பேர். பறித்த வெங்காயத்தை விலை ஏறும்வரையிலும், விதைக்காகவும் பட்டறையில் போட்டு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். அதற்காகத் தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் இடைவெளி விட்டுக் கம்போ சட்டமோ அடிக்கிறோம்.

அந்த இடைவெளிதான் ஆபத்து!

குறி ஒரு விரற்கடை விலகினால் போதும். சட்டத்தில் இறங்க வேண்டிய ஆணி சந்து வழியாகப் பாயும். சந்துக்கு அந்தப் பக்கம் யார் இருப்பார்? சட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும் கையாள். அவர் முகம் உங்கள் கன் முனைக்கு நேராக இருக்கும்.

அடுத்தது மரம். வெளிநாட்டுக் காணொளியில் பார்ப்பது சீராக அறுத்த மெத்தென்ற பைன் மரம். நம் கையில் இருப்பது சவுக்கு, தைல மரம், வேம்பு, கருவேலம். சவுக்குக் கம்பு உருண்டை. சரியாக நடுவில் படாவிட்டால் ஆணி வழுக்கிப் பக்கவாட்டில் போகும். கருவேலத்தில் கணு இருக்கும். கணுவில் மோதிய ஆணி வளைந்து, மரத்தின் பக்கவாட்டில் வெளியே வரும். பிடித்திருக்கும் விரல் இருப்பதும் அங்கேதான்.

பழைய சென்ட்ரிங் பலகையா? அதற்குள் போன வேலையின் ஆணிகள் புதைந்து கிடக்கும். ஆணி மேல் ஆணி அடித்தால் திரும்பித் தெறிக்கும். மூங்கிலா? பிளந்துவிடும். மூங்கிலைக் கட்டுங்கள். சுடாதீர்கள்.

விசையில் ஒளிந்திருக்கும் எமன்

நெயில் கன் சுடுவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முனை மரத்தில் அழுந்த வேண்டும். இரண்டு, விரல் விசையை இழுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும். இந்த இரண்டும் எந்த வரிசையில் நடக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் வகையைக் கடையில் ‘சீக்வென்ஷியல்’ என்பார்கள். முதலில் முனை அழுந்த வேண்டும். பிறகுதான் விசை வேலை செய்யும். இதிலேயே முழுப் பாதுகாப்பானது ‘ஃபுல் சீக்வென்ஷியல்’. ஒவ்வோர் ஆணிக்கும் முனையையும் எடுக்க வேண்டும், விசையையும் விட வேண்டும். அப்புறம்தான் அடுத்த ஆணி வரும்.

இரண்டாவது வகை ‘கான்டாக்ட்’ அல்லது ‘பம்ப்’. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே முனையால் தட்டிக்கொண்டே போகலாம். தட்டத் தட்ட ஆணி பாயும். கடையில் அடித்துக் காட்டுவது இதைத்தான். பார்க்க வேகமாக இருக்கும். ஆசையைக் கிளப்பும்.

ஏமாந்துவிடாதீர்கள்!

விரல் விசை மேல் இருக்கும்போது முனை எதில் பட்டாலும் சுடும். உங்கள் தொடையில் பட்டாலும் சுடும். ஏணியில் இறங்கும்போது கீழே நிற்பவர் தோளில் பட்டாலும் சுடும். ஆணி இறங்கிய வேகத்தில் கன் உதைத்து எழும்பி, மறுபடி தானாக மரத்தைத் தட்டினால், நீங்கள் நினைக்காத இரண்டாவது ஆணி பாயும். அந்த நொடியில் உங்கள் இடது கை எங்கே இருக்கும்?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியோஷும் 2011-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் உள்ளவை வயிற்றைக் கலக்குகின்றன. தச்சு வேலை பழகுகிறவர்களில் 5-இல் 2 பேருக்கு, 4 ஆண்டுப் பயிற்சிக் காலம் முடிவதற்குள் நெயில் கன் காயம். 10-இல் ஒருவருக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ காயம். காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். அந்தக் கைக் காயங்களில் நான்கில் ஒன்று தசைநார், மூட்டு, நரம்பு, எலும்பு வரை போயிருக்கிறது. தட்டினால் சுடும் வகையில் காயம்படும் அபாயம், சீக்வென்ஷியல் வகையைப்போல் இரண்டு மடங்கு.

2001 முதல் 2005 வரை அந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு ஓடியிருக்கிறார்கள். இதில் தொழிலாளர்கள் மட்டுமில்லை. வீட்டு வேலைக்கு வாங்கிப் பயன்படுத்தியவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

“சீக்வென்ஷியல் வாங்கினால் வேலை தாமதமாகுமே” என்கிறீர்களா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கொட்டகை கட்டி முடிக்கும் மொத்த நேரத்தில், ஆணி அடிப்பதால் கூடிய நேரம் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வராத இந்த மிச்சத்துக்காகவா விரலைப் பணயம் வைப்பது?

கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

பெட்டியில் எழுதியதை நம்பாதீர்கள். விசையின் நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைக்கும், ஒவ்வொரு நிறம் போடும். கையால் சோதித்துப் பாருங்கள்.

ஆணிகளை முழுக்க வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றுகூட இல்லை என்று நீங்களே கண்ணால் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காற்றுக் குழாயை மாட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டுக் கட்டையைத் தரையில் போடுங்கள்.

முதலில் விசையை இழுத்துப் பிடியுங்கள். பிடித்தபடியே முனையைக் கட்டையில் அழுத்துங்கள். ‘டப்’ என்று சுட்டால், அது தட்டினால் சுடும் வகை. அமைதியாக இருந்தால் முதல் சோதனையில் தேறிவிட்டது.

அடுத்தது. முனையை அழுத்தி, விசையை இழுத்து, ஒருமுறை சுடுங்கள். முனையை எடுக்காமல் விசையை மட்டும் விட்டு மறுபடி இழுங்கள். மறுபடி சுட்டால் அது பாதிப் பாதுகாப்புதான். சுடாவிட்டால் அதுதான் ஃபுல் சீக்வென்ஷியல்.

அதையே வாங்குங்கள். சில கன்களில் இரண்டு வகைக்கும் மாற்றும் பொத்தான் இருக்கும். சிலவற்றில் விசையை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். கேளுங்கள். பொத்தான் உள்ளதை வாங்கினால், அதை யாரும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பெரிய கன் வேண்டவே வேண்டாம் என்ற வேலைகளும் உண்டு!

இதையும் யாரும் சொல்வதில்லை. ஃப்ரேமிங் நெயிலர் என்பது 50 முதல் 90 மில்லிமீட்டர் ஆணியை அடிக்கும் பெரிய கன். கனத்த சட்டத்தோடு சட்டம் சேர்ப்பதற்கு உண்டானது. எடை மூன்றரை கிலோ வரை போகும்.

வழக்கக் கணக்கு இதுதான். அடிக்கிற சட்டத்தின் கனத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் ஆணிக்குப் போதும். இரண்டு மரத்தின் கனத்தையும் சேர்த்த அளவை ஆணி தாண்டக் கூடாது. முக்கால் அங்குலச் சட்டத்துக்கு 50 முதல் 57 மில்லிமீட்டர் ஆணி ஏராளம். அதற்கு சி.என். 55 என்ற சுருள் ஆணி கன் போதும். 90 மில்லிமீட்டரை அங்கே அடித்தால் மறுபக்கம் கூர் நீட்டிக்கொண்டு வரும்.

எஃப் 30 கன் பீடிங்குக்கும் ப்ளைவுட்டுக்கும் மட்டுமே. அதை நம்பிப் பாரம் தாங்கும் சட்டம் அடித்தால், வெங்காயம் ஏற்றிய பிறகு பட்டறை பிரியும். எஸ்.டி. 64 கான்கிரீட்டுக்கு உரியது. அந்தக் கடின ஆணியைக் கண்ட இடத்தில் அடித்தால் தெறிக்கும்.

ஆணிக் கோணமும் முக்கியம். 15, 21, 28, 34 டிகிரி என்று பல வகை உண்டு. ஒன்றின் ஆணி மற்றொன்றில் ஓடாது. வலிய நுழைத்தால் சிக்கும். சிக்கலை எடுக்கும்போதுதான் விரல் போகும். அந்தக் கன்னுக்கான ஆணி பெரம்பலூரிலோ திருச்சியிலோ வழக்கமாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்புறம் கன்னை வாங்குங்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் கீழே வையுங்கள்!

1. முனை உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பிரிங் தள்ளித் திரும்பி வரவில்லை. மரத்தூளும் பிசினும் அடைத்திருக்கலாம். இனி அது முனை இல்லாத கன்னுக்குச் சமம்.

2. முனையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அல்லது கழற்றியே விட்டார்கள். பழைய கன் வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். இப்படி ஒரு கன்னை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. ஓர் இழுப்புக்கு இரண்டு ஆணி போகிறது.

4. விசையைத் தொடாமலே காற்று சீறுகிறது. மேல் மூடியின் திருகாணி தளர்ந்திருக்கிறது.

5. அதிகபட்சக் காற்றழுத்தம் எவ்வளவு என்று கன் உடம்பில் எழுதவில்லை. கையேடு இல்லை.

6. காற்றுக் குழாயைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று நிற்கிறது. தவறான கப்ளிங் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் முனையைத் தொட்டால் அந்த மிச்சக் காற்றே ஓர் ஆணியைச் சுடும்.

7. வேலை செய்கிறவர் நடக்கும்போதும் திரும்பும்போதும் விரல் விசை மேலேயே இருக்கிறது. இது கன்னின் கோளாறு இல்லை, பழக்கத்தின் கோளாறு. இதனாலேயே ஆள் போகலாம்.

8. கன்னை நீட்டிக் கொடுக்கும்போது முனை வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. காற்றை நிறுத்தாமல் கைமாற்றவே கூடாது.

காற்றிலும் கவனம்!

கார் டயருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று. ஃப்ரேமிங் நெயிலருக்கு 70 முதல் 120. அதற்கு மேல் போகக் கூடாது. பஞ்சர் கடையில் இருப்பது போன்ற பெரிய கம்ப்ரசர் 150-ஐத் தாண்டும். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாக மாட்டினால் கன் உடம்பே வெடிக்கலாம். ஆணி மரத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறலாம்.

மரத்துக்கு ஏற்றபடி குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். ஆணித் தலை மட்டமாக இறங்கும் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

இன்னொன்று. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

கம்ப்ரசர் ரிப்பேர், கரண்ட் இல்லை என்று வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரை நெயில் கன்னில் மாட்டாதீர்கள்! உள்ளே எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் குண்டுதான். சமையல் எரிவாயு சிலிண்டரும் கூடாது. எந்த சிலிண்டரும் கூடாது. கம்ப்ரசர் காற்று மட்டும்தான்.

அடிக்கும்போது மறக்கக் கூடாதவை

மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்துக்கு ஓர் அடியாவது தள்ளியிருக்கட்டும். முடிந்தால் கிளாம்பு போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பட்டறைச் சந்துக்கு எதிர்ப்பக்கம் ஆள் இருக்கும்வரை சுடாதீர்கள். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் அடிக்காதீர்கள். சாரம் கட்டுங்கள். முகத்துக்கு நேராக, தலைக்கு மேலே, குனிந்து வளைந்து அடிக்க வேண்டிய இடங்களில் கன்னை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். அப்புறம்தான் கை வைக்க வேண்டும். ஆணி நிரப்பும்போதும் அப்படியே.

பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வெயில் கண்ணாடி உதவாது. பிளாஸ்டிக் பட்டையில் கோத்த ஆணி என்றால் ஒவ்வோர் அடிக்கும் சில்லு பறக்கும். காதுக்கும் காப்பு வேண்டும். இந்தக் கன்களின் சத்தம் 109 முதல் 136 டெசிபல் வரை அளக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு ஐ.எஸ். 2925 முத்திரை உள்ள ஹெல்மெட் போடுங்கள். 18 வயது நிரம்பாத பையன் கையில் கன்னைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். “சும்மா ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டும்” என்று தொடங்குவதுதான் பின்னால் அழுகையில் முடிகிறது.

ஆணி ஏறிவிட்டதா? பிடுங்காதீர்கள்!

குறடு வைத்து இழுக்காதீர்கள். ஆணிகளைக் கோத்திருந்த கம்பியின் துணுக்குகள் முள்ளாக ஒட்டியிருக்கும். இழுக்கும்போது நரம்பையும் சதையையும் கிழிக்கும். ரத்தக் குழாயை அந்த ஆணியே அடைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்த மறுநொடி ரத்தம் பீறிடும்.

ஆணியை அசையாமல் துணி சுற்றி நிறுத்துங்கள். மரத்தோடு சேர்த்து அடித்துவிட்டதா? மரத்தை அறுத்துத் துண்டோடு கொண்டு போங்கள். கண்ணில் பட்டதா? தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். ஒரு காகித டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். 108-ஐ அழையுங்கள். செட்டிகுளத்திலிருந்து பாடாலூர் போய், நெடுஞ்சாலை ஏறி, பெரம்பலூரோ திருச்சியோ சேர வேண்டும். அந்த நேரத்தை மஞ்சள் வைத்துக் கட்டிப் பார்ப்பதில் வீணாக்காதீர்கள்.

கையில் சுட்ட ஆணி சின்னதாகத் தெரிந்தாலும் எக்ஸ்-ரே வேண்டும். தனுர்வாத ஊசி வேண்டும். அதே வகை ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். முள் எங்கே, நீளம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வேலை கொடுப்பவர்களே, உங்களுக்கும்தான்!

பட்டறை போட ஆள் பேசும்போது கூலியை மட்டும் பேசாதீர்கள். “கன் தட்டினால் சுடுமா, முனை வேலை செய்கிறதா, கண்ணாடி இருக்கிறதா” என்று மூன்று கேள்வி கேளுங்கள். மேஸ்திரி சிரித்தாலும் பரவாயில்லை. வெங்காய விலை ஏறுகிறது, மழை வருகிறது, சீக்கிரம் அடி என்று விரட்டாதீர்கள். அவசரம்தான் விரலை விசையிலேயே வைக்கச் சொல்கிறது.

மேஸ்திரிமாரே, புதிதாக வந்த பையனுக்கு முதல் நாளே கன்னைக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று பழக்குங்கள். உங்கள் ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். தச்சருக்கும் சென்ட்ரிங் வேலைக்காரருக்கும் அங்கே இடம் உண்டு. விபத்து நடக்கும் முன்பே பதிவு செய்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டிலிருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை நெயில் கன் வேலைக்குப் போகிறான் என்றால் இன்று ராத்திரியே கேளுங்கள். “உன் கன் எந்த வகை? விரலை எங்கே வைப்பாய்?” பதில் தெரியாமல் விழித்தால், நாளைக் காலை அந்தக் கன்னை அவன் தொடும் முன் மேஸ்திரியிடம் பேசுங்கள். தட்டினால் சுடும் விசை என்றால் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்வரை சுத்தியலால் அடிக்கட்டும்.

ஒரு நாள் கூலி குறையலாம். குறைந்தால் குறையட்டும். கூலியை மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். போன விரலையும் கண்ணையும் எந்தக் கூலியாலும் வாங்க முடியாது.